அப்பாவின் உளிப்பெட்டிகள் யாருக்கு?

அப்பா 2022 ஆனி மாதம் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அம்மா பட்டறைச் சாவியை என் கையில் வைத்து, "நீயே பாத்துக்கடி. எனக்கு அங்க போய் நிக்க முடியாது" என்றார். வீடு, வங்கியில் இருந்த பணம், அம்மா இனி யாரோடு இருப்பது என்பதையெல்லாம் தம்பிகள் இருவரும் நானும் அந்த வாரமே உட்கார்ந்து பேசிவிட்டோம். பட்டறையில் இருந்த கருவிகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுவும் ஒரு சொத்து என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் எங்களை அதிகம் அலைக்கழித்தது அதுதான். பதினாறு மாதம் ஆனது. என் கையிலிருந்து 47,700 ரூபாய் போனது. திருப்பூரில் இருக்கும் சின்ன தம்பியோடு ஐந்து மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. முன்பே யாராவது விவரம் சொல்லியிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. இதே நிலையில் இன்னொரு வீடு தவிக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா காரைக்குடியில் தச்சர். தாத்தாவும் தச்சர். பர்மாவுக்கு வியாபாரத்துக்குப் போன செட்டியார்கள் அங்கிருந்து தேக்கு கொண்டுவந்து கட்டிய வீடுகளில் நிலைக்கும் கதவுக்கும் சித்திர வேலை செய்தவர்களின் வழி. அப்பா தொழிலுக்கு வந்தபோது புது வீடுகள் அப்படி எழுவது நின்றுபோயிருந்தது. பழைய நிலைகளைச் சரிசெய்வது, தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை உடைந்தால் ஒட்டுப் போடுவது, கோயில் வாகனங்களைப் பழுதுபார்ப்பது என்று ஐம்பது வருடத்துக்கு மேல் ஓட்டினார். பட்டறையில் ஐந்து பெட்டி. தாத்தாவின் உளிகள், அப்பா வாங்கியவை, அவரே கொல்லரிடம் சொல்லி அடித்தவை, வேலையை விட்டுப்போன கூட்டாளிகள் விட்டுச்சென்றவை என எல்லாம் கலந்து கிடந்தன. பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது 212 உருப்படி. சித்திர உளிகள் மட்டும் 46. இவை போக ஒரு பட்டை ரம்ப மெஷின், ஒரு பிளேனர் மெஷின். பட்டறை வாடகை இடம், மாதம் 1,800 ரூபாய். முடிவெடுக்க முடியாமல் நான் அந்த வாடகையைக் கட்டிக்கொண்டே இருந்தேன். அதுவே 28,800 ரூபாய்.

ஏன் முடிவெடுக்க முடியவில்லை? அப்பா யாருக்கும் எதுவும் சொல்லாமல் போயிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும். எல்லோருக்கும் ஒவ்வொன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் பெரிய தம்பியின் மகன் சின்ன வயதில் விடுமுறைக்கு வந்து பட்டறையில் விளையாடும்போது, "இதெல்லாம் உனக்குத்தாண்டா" என்று சொல்லியிருக்கிறார். பதினாலு வயதில் அப்பாவிடம் வேலை பழக வந்து, கடைசிவரை கூடவே இருந்த சிஷ்யரிடம் (அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்), "நான் போனப்புறம் சித்திர உளியை நீ வச்சுக்க" என்றிருக்கிறார். என்னிடம் ஒருமுறை, "பிள்ளைங்க யாரும் இந்தத் தொழிலுக்கு வரல. கோயிலுக்கு எழுதிவச்சிருவோமா?" என்று கேட்டார். நான் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். சின்ன தம்பியிடம், "பணமுடைன்னா வித்துக்கடா, எனக்கு வருத்தமில்ல" என்றாராம். நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. அந்தந்த நேரத்தில், அந்தந்த முகத்தைப் பார்த்து, அவர் மனதார அப்படித்தான் சொல்லியிருப்பார். அது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. அதுவரை மற்ற மூன்று பேரும் புளுகுகிறார்கள் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை இப்போது எழுதும்போதும் வேதனையாக இருக்கிறது. உங்கள் வீட்டில் வயதான கைவேலைக்காரர் யாராவது இருந்தால், அவர் பேச்சுவாக்கில் சொல்வதைத் தனியாக மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் இருக்கும் ஒரு நாளில், "அன்னைக்கு இப்படிச் சொன்னீங்களே, அது அப்படியேதானா?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். கேட்பது பேராசையாகத் தெரியுமோ என்று கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.

அந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபர் 4. அப்பா இருந்தவரை முந்தின நாளே எல்லா உளியையும் துடைத்து, பெரியது சின்னது என்று வரிசையாகப் பலகையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். அன்று நான் மட்டும் போனேன். பொட்டு வைக்க முதல் பெட்டியைத் திறந்தால் உளி முனைகளில் செம்மண் பூசியதுபோலத் துரு. துடைத்துவிட்டுப் பொட்டு வைத்தால் சந்தனத்தின் ஈரமே கறையாகிறது. அப்பா பொட்டைப் பிடியில்தான் வைப்பார், இரும்பில் வைக்கமாட்டார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

துருவுக்குக் காரணம் நான்தான். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். சாக்கு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே வைத்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. தரையில் இருந்த மாம்பலகைப் பெட்டி ஒன்றில் கரையான் ஏறி, அடிப்பலகையோடு நாலு ரம்பத்தின் பிடிகளும் போய்விட்டன. கருவியை வைத்துக் காக்க வேண்டி வந்தால் முதல் வாரத்திலேயே இதைச் செய்யுங்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் துருவைத் தேய்த்து எடுத்து, நன்றாகத் துடைத்து, தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயை மெல்லிதாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பெட்டி தரையில் படாமல் செங்கல் மேல் இருக்கட்டும். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். இதைச் செய்ய மனமில்லை என்றால் உங்களுக்கு அந்தக் கருவிகளை வைத்துக்கொள்ளும் நிலை இல்லை என்று அர்த்தம். சீக்கிரம் வேறு கைக்குக் கொடுத்துவிடுவதே மரியாதை.

தை மாதம் சின்ன தம்பி வந்தான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை நாள். பட்டறையைப் பார்க்க ஒரு பழம்பொருள் வியாபாரி வருகிறார் என்றான், சாவியைக் கொடுத்தேன். சாயங்காலம் போனால் ஒரு பெட்டி இல்லை, 7,000 ரூபாய் இருந்தது. மரத்தை இழைக்கும் தாத்தா காலத்து இழைப்புளிகள், மரம் செதுக்கும் வாய்ச்சி, மூலைமட்டம், பாதி சித்திர உளிகள் எல்லாம் அதில்தான். தம்பிக்கு எது என்ன என்று தெரியாது. பழசாக இருந்ததைக் கொடுத்திருக்கிறான். "அப்பாவே விக்கச் சொன்னாருக்கா" என்றான். நான் பேசக் கூடாத பேச்செல்லாம் பேசினேன். காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்கென்றே முனீஸ்வரன் கோயில் தெரு இருக்கிறது. அங்கே கடை கடையாக விசாரித்து, கடைசியில் அந்த வியாபாரி வெளியூர்க்காரர் என்று தெரிந்து, அவர் இடத்துக்கே போனேன். இழைப்புளிகளை ஏதோ விடுதிச் சுவரில் மாட்டக் கேட்டிருக்கிறார்கள், பாதி போய்விட்டது என்றார். மிச்சமிருந்த பதினாலு உருப்படியை 12,600 ரூபாய் கொடுத்து மீட்டேன். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. விற்றதை வாங்கினார், அவ்வளவுதான். பிரிக்கக் கூடாத செட்டைப் பிரித்தது நாங்கள். சித்திர உளிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வளைவு, ஒவ்வொரு அகலம். தாமரை இதழின் உள்பக்கத்துக்கு ஒரு நகவுளி, வெளிப்பக்கத்துக்கு வேறு ஒன்று. 46இல் பத்து போனால் மிச்சம் 36 என்று கணக்குப் போட முடியாது, வேலையே தடைப்படும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவாகும்வரை ஒரு பெட்டியும் வெளியே போகக் கூடாது என்று குடும்பமாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

இன்னொரு இழப்பையும் சொல்ல வேண்டும். உளிகள் மழுங்கிவிட்டனவே, யாருக்குக் கொடுத்தாலும் தீட்டிக் கொடுப்போம் என்று ஆறு பட்டை உளிகளைத் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். மின்சாரச் சாணையில் அவர் அழுத்திப் பிடிக்கப் பிடிக்கப் பொறி பறந்தது. பளபளவென்று திரும்பி வந்தது. முனையில் மட்டும் மயில் கழுத்துபோல ஒரு நீலம். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். அண்ணன் அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "டீச்சர், சூட்டுல பதம் போயிருச்சு. இனி இது மரத்துல நிக்காது, மடங்கிரும்" என்றார். நீலம் ஏறிய இடம்வரை தேய்த்து எடுத்தால்தான் மறுபடி முனை வரும். இரண்டு உளிகளில் அதற்கு மேல் இரும்பே மிச்சமில்லை. தெரியாத பொருளைச் சரிசெய்து கொடுக்க முயலாதீர்கள். துருவை மட்டும் தடுத்து, இருக்கிறபடியே கொடுங்கள். வாங்குகிறவர் தன் கைக்கு ஏற்றபடி தீட்டிக்கொள்வார்.

தம்பியோடு சண்டை முற்றியபோது ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். 2,000 ரூபாய் வாங்கினார், ஆனால் ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். எங்களுக்குப் பொருந்துவது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாததால் அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் அம்மா, நான், தம்பிகள் இருவர் என நால்வருக்கும் சம பங்கு. வீட்டுக்கு எப்படியோ உளிக்கும் அப்படித்தான். பேரனுக்கும் சிஷ்யருக்கும் வாய்ப்பேச்சாகச் சொன்னது சட்டப்படி நிற்காது. சாவி என்னிடம் இருப்பதால் பொருள் எனக்குச் சொந்தமாகாது, தம்பி தனியாக விற்றதும் சரியில்லை. அப்பா இருக்கும்போதே செய்திருந்தால் எவ்வளவு எளிது என்பதையும் சொன்னார். அசையும் பொருளை ஒருவருக்கு மனதார எடுத்துக் கையில் கொடுத்து, அவரும் வாங்கிக்கொண்டால் அதுவே தானம். பத்திரம் வேண்டாம், பதிவு வேண்டாம். காலத்துக்குப் பிறகுதான் போக வேண்டும் என்றால் உயில். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதியவர் கையெழுத்தும், அதை நேரில் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பின்னால் சந்தேகம் வராது. சாட்சி போடுகிறவர் பொருளைப் பெறப்போகிறவராக இல்லாமலிருப்பது நல்லது. இந்த ஒரு மணி நேரத்தை அப்பா இருக்கும்போது செலவழித்திருக்கலாமே என்று பேருந்தில் திரும்பும்போது முழுவதும் அதே நினைப்பு.

அதன் பிறகுதான் ஒழுங்காக ஆரம்பித்தேன். ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு கருவிக்கும் நூலில் எண் எழுதிய அட்டை கட்டி, செல்போனில் படம் எடுத்து, நோட்டில் பதிந்தேன். பெயர் தெரியாததற்கு அம்மாவிடம் கேட்டேன். பட்டறைக்கு வரமாட்டேன் என்றவர், நான் ஒவ்வொரு பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுவந்ததும் திண்ணையில் உட்கார்ந்து தானாகவே பேச ஆரம்பித்தார். "இது குன்றக்குடி வேலைக்குப் போனப்ப வாங்கினது. இது என் வளையலை அடகு வச்சு வாங்குனது, ஆனா எனக்குத் தெரியும்னு நான் காட்டிக்கல." எல்லாவற்றையும் செல்போனில் பதிவுசெய்து வைத்திருக்கிறேன். இந்தப் பட்டியல் போடும்போதுதான் ஒன்பது உருப்படி அப்பாவுடையதே இல்லை என்று தெரிந்தது. இரவல் வாங்கியவை. பக்கத்துத் தெரு ஆசாரி ஒருவர் வந்து, "அந்த ரசமட்டம் என்னுது தாயி, கேக்க வேணாம்னு இருந்தேன்" என்றார். அதேபோல அப்பா இரவல் கொடுத்தவை எங்கே என்று இன்றுவரை தெரியாது. இரவல் போனதையும் வந்ததையும் தொழில் செய்கிறவர்கள் ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தால் போதும்.

அப்புறம் ஒவ்வொருவரையும் நேராகக் கேட்டேன். ஒரு வருடம் நான் பயந்துகொண்டிருந்த வேலை இது. பெரிய தம்பி மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. எல்லாம் உனக்கு என்று தாத்தா சொன்னாரே, என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அத்தை, எனக்கு அந்தச் சின்ன கொட்டாப்புளி மட்டும் போதும். நான் அடிச்சு விளையாடுவேனே, அது" என்றான். ஐந்து நிமிடப் பேச்சு. இதற்காகவா தூக்கம் கெட்டு அலைந்தோம் என்று ஆகிவிட்டது. கொட்டாப்புளி என்பது உளியைத் தட்டும் மரச்சுத்தி. புளியங்கட்டையில் அப்பா அவனுக்காகவே கடைந்தது அது. சின்ன தம்பியிடம் நானே முதலில் பேசி மன்னிப்புக் கேட்டேன். அவன் கேட்டது அப்பாவின் காதில் எப்போதும் செருகியிருக்கும் தட்டைப் பென்சிலும், மடக்கு அடிக்கோலும்.

அண்ணனைப் பட்டறைக்கு அழைத்து, "அண்ணே, எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கங்க, தம்பிங்களும் அம்மாவும் சம்மதிச்சாச்சு" என்றேன். அவர் எடுத்துக்கொண்டது 64. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அவர் பொறுமையாக விளக்கினார். இப்போது வேலையெல்லாம் பிளைவுட், மைக்கா. துளை போட பேட்டரி டிரில்லர், காடி எடுக்க ரூட்டர். கதவில் பூ வெட்டுவதைக்கூட கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் செய்துவிடுகிறது. கையால் செதுக்கும் வேலை வருடத்துக்கு நாலைந்துதான் வருகிறது, அதற்கு வேண்டியது சித்திர உளிகள். அவற்றை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டார். அப்பா அதிகம் பிடித்த இழைப்புளியை நான் தனியாக எடுத்து நீட்டினேன். ஐம்பது வருடப் பிடியில் கருவேலங்கட்டையில் கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். எனக்கு அதுதான் அப்பா. அவர் வாங்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா இடது கைக்காரரு, இது என் கைக்கு உக்காராது டீச்சர்" என்று ஆப்பைத் தட்டித் தகட்டை மட்டும் உருவினார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய தகடு. இரும்புத் தகட்டின் ஒரு பக்கம் மெல்லிய எஃகு ஒட்டி வரும், அந்த எஃகு இருக்கும்வரைதான் அதற்கு ஆயுள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அந்தக் கோட்டைக் காட்டினார். "இன்னும் ஒன்றரை அங்குலம் இருக்கு. என் காலத்துக்கும் வரும், எனக்கப்புறமும் வரும். கட்டை நான் புதுசா செஞ்சுக்குவேன். இதை நீங்க வச்சுக்கங்க" என்று வெறும் கட்டையை என்னிடம் கொடுத்தார். எனக்கு எது வேண்டுமோ அது அவருக்கு வேண்டாம், அவருக்கு வேண்டியது எனக்குப் பயனில்லை. ஒரே இழைப்புளிக்கு இரண்டு வாரிசு.

மிச்சமிருந்ததில் நல்ல நிலையில் இருந்தவற்றை ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கொடுக்கப் போனேன். பழைய பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோயிலிலும் வைக்க இடமில்லை. கடைசியில் அண்ணனே அவருக்குத் தெரிந்த இளம் தச்சர்கள் ஆறேழு பேரை வரவழைத்து, வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளும்படி செய்தார். இலவசமாகக் கொடுக்க வேண்டாம், பேருக்கு ஒரு ரூபாயாவது வாங்குங்கள் என்று அவர் சொன்னதால் ஆளுக்கு 11 ரூபாய் வாங்கி அம்மா கையில் கொடுத்தோம். இரண்டு மெஷின்களையும் எடைக்குப் போட்டேன். அதில் ஒரு தவறு நடந்தது. மோட்டாரைக் கழற்றாமல் மொத்தமாக இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டேன். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்கு இரும்பைவிடப் பல மடங்கு விலை. நீங்கள் கழற்றித் தனியாக விலை பேசுங்கள். துடைக்க, எண்ணெய் போட, புதுப் பெட்டி செய்ய என்று ஆன 4,300 ரூபாயையும் சேர்த்துத்தான் நான் மேலே சொன்ன 47,700. 2023 அக்டோபர் கடைசியில் பட்டறைச் சாவியை இடத்துக்காரரிடம் ஒப்படைத்தேன்.

யாருக்கு என்று யோசிக்கும்போது மகன், மகள், பேரன் என்று உறவுமுறையிலிருந்து ஆரம்பித்ததால்தான் நான் அவ்வளவு நாள் சுற்றினேன். இப்போது யாராவது கேட்டால் வேறு வரிசை சொல்கிறேன். இந்தக் கருவியைப் பிடித்து நாளைக்கு யார் வேலைக்குப் போவார்? அவருக்குச் செட்டைப் பிரிக்காமல் முதலில். ஞாபகத்துக்கு வேண்டும் என்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, அவர்கள் வாயாலேயே கேட்டு. விலை போகக்கூடியது இருந்தால் அதன் விலையை மற்ற வாரிசுகளுக்கும் தெரியச் சொல்லிவிட்டு. சொந்தக்காரர் உயிரோடு இருந்தால் இதையெல்லாம் அவர் கையாலேயே கொடுக்க வைத்துவிட வேண்டும். ஆயுத பூஜையன்று, பொட்டு வைத்த கையோடு கொடுக்கலாம். வேலை செய்கிறவரிடமிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்துவிடவும் கூடாது. வருடத்துக்கு நாலைந்து போதும். கையில் ஒரு உளியாவது கடைசிவரை இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு இப்போது ஐம்பத்தைந்து ஆகிறது. அவர் மகன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான், தொழிலுக்கு வரமாட்டான். அவரிடம் வேலை பழகும் இரண்டு பையன்களில் ஒருவனுக்குக் கை நன்றாக வருகிறது என்றார். என் நோட்டைப் பார்த்துவிட்டு அவரும் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறார். எட்டாவதோடு படிப்பை விட்டவர், எழுதிப் பழக்கமில்லை. நான் தமிழ் டீச்சர் என்பதால் போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் செய்தார். "டீச்சர், கொட்டாப்புளிக்கு எந்த ளி போடணும்?" என்றார். சொன்னேன். "இழைப்புளிக்கும் அதேதானா?" என்றார். அதேதான், ஆனால் முன்னால் வரும் ழை வேறு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்னால் அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதுவது கேட்டது.